பர்மா ரோட்டின் கடைசி அறை

இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்ட படகு ஆற்றுக்குள் திரும்பியதும் காற்று அடங்கிவிட்டது. இரண்டு கரையிலும் ஓக் மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நின்றன. நவம்பர் மாதம், கிளைகளில் ஓர் இலை இல்லை. இனாஸ் பரேட்டோ உருளைக்கிழங்கு மூட்டையில் முதுகைச் சாய்த்து, முட்டை அட்டைகளை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு வளைவைத் தாண்டியதும் கப்பல் தெரிந்தது. காட்டுக்கு நடுவே யாரோ ஒரு பெரிய வெள்ளை மருத்துவமனையைக் கட்டித் திறக்காமலே விட்டதுபோல நின்றது. நங்கூரத் துளைகளுக்குக் கீழே துரு நீளநீளமாக வழிந்திருந்தது. பெயர் மட்டும் இன்னும் தெளிவாக இருந்தது: ‘ஆல்பியன் கிரேஸ்.’

“எவ்வளவு நாளைக்கு வந்திருக்கீங்க?” என்று படகுக்காரர் கேட்டார்.

“கப்பலை விக்கிற வரைக்கும்.”

“இதை எவன் வாங்குவான்? பழைய இரும்புக்காரன்தான் வாங்குவான்.” அவர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். “மேல்தளத்துல இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். கீழ ரொம்ப இறங்காதீங்க. ஈரம். நெஞ்சுக்கு ஆகாது.”

இனாஸுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வாழ்க்கையே கப்பல்களின் கீழ்த்தளத்தில்தான் போயிருந்தது. அவனுடைய அப்பாவும் மாமன்களும் கோவாவிலிருந்து வந்து பிரிட்டிஷ் கப்பல்களின் அடுப்படியில் தலை நரைத்தவர்கள். பதினெட்டு வயதில் கிழங்கு உரிக்க ஏறியவன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். சவுத்தாம்ப்டனில் காலையில் ஆயிரம் பேரை இறக்கி, மத்தியானம் இன்னொரு ஆயிரம் பேரை ஏற்றும் சனிக்கிழமைகளில் பெரிய சமையலறைகளை ஓட்டியவன். இந்தக் குளிர்காலத்தில் மூன்று பேருக்குச் சமைத்தால் போதும் என்றார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்டான்.

கப்பலின் கதை அவனுக்குத் தெரிந்த மற்றக் கப்பல்களின் கதைதான். ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் பிறந்தது. போருக்குப் பிறகு, மலிவுக் கட்டணத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறப் போன குடும்பங்களை மந்தை மந்தையாக ஏற்றிக்கொண்டு போனது. விமானம் வந்து அந்தப் பிழைப்பைப் பறித்ததும், உடம்பெல்லாம் வெள்ளை பூசி, உல்லாசப் பயணத்துக்கு விட்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்களும் விதவைகளும் மடேரா தீவுக்கும் லிஸ்பனுக்கும் போய், வெயிலில் உட்கார்ந்து, நாலு மணிக்குத் தேநீர் குடித்துத் திரும்பினார்கள். பிறகு தீப்பாதுகாப்புக்குப் புது விதிகள் வந்தன. அதற்கெல்லாம் செலவழிக்க முதலாளிகளுக்கு மனசில்லை. இந்த ஆற்றில் கொண்டுவந்து கட்டிப்போட்டுவிட்டார்கள்.

ஏணியின் உச்சியில் தலைமை எஞ்சினியர் டூகல் நின்றுகொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர், அறுபது வயதிருக்கும், கழுத்தில் துண்டு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

“வாய்யா சமையக்காரரே. ஓட்ஸ் கஞ்சி வைக்கத் தெரியுமா?”

“தெரியும் சீஃப்.”

“சர்க்கரை போட்டேன்னா ஆத்துல தூக்கிப் போட்டுருவேன். உப்புதான். என் பொண்டாட்டி மோராக் வைக்கிற கஞ்சிக்கு நீ வைக்கிறது கால்தூசி பெறாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் முயற்சி பண்ணு.” கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “போய்ச் சேர்ந்துட்டா பாவி. அங்கயும் யாருக்காவது கஞ்சிதான் வெச்சுட்டிருப்பா.”

மூன்றாவது ஆள் வின்னி நான்காரோ. பக்கத்து ஊர்க்காரி. இந்தக் கப்பலிலேயே அறைப் பணிப்பெண்ணாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். இப்போது அவளுக்கு ஒரே வேலை. குழாய்களைத் திறந்துவிடுவது. மாதக்கணக்கில் தண்ணீர் குழாயிலேயே நின்றால் அதில் நோய்க்கிருமி வளரும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அறையாகப் போய், ஒவ்வொரு குழாயையும் திறந்து, பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போவதற்குள் வாரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். யாரும் குளிக்கப்போகாத குளியலறைகள், யாரும் முகம் பார்க்கப்போகாத கண்ணாடிகள்.

சாப்பாட்டு மேசையில் வின்னி நிறையப் பேசினாள். எல்லாம் அவள் மகன் ஜோரியைப் பற்றித்தான்.

“ஆறு வயசுல, கண்ணு, கோயில் விருந்துல பாதிரியாரோட தொப்பி நிறைய கஸ்டர்டை ஊத்தி வெச்சுட்டான். ஏன்டான்னு கேட்டா, தொப்பி பசிக்குதுன்னு சொல்லுச்சும்மாங்கறான். பாதிரியார் முகத்தை நீ பாத்திருக்கணும்.”

இனாஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கும் அதே வயதில் கோவாவில் ஒரு மகள் இருந்தாள்.

ஜோரி வளர்ந்து இதே கப்பலில் மாலுமியாகச் சேர்ந்திருந்தான். பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும்போது ஒரு நாள் காலையில் அவன் வேலைக்கு வரவில்லை. அறையில் இல்லை. எங்கும் இல்லை. கப்பல் திரும்பி வந்த வழியிலேயே இருட்டும்வரை தேடியது. பிறகு லிஸ்பனை நோக்கிப் போனது.

“அன்னிக்கு சாயங்காலமும் என் பகுதியில இருந்த படுக்கையெல்லாம் விரிச்சேன்,” என்றாள் வின்னி. “ஒவ்வொரு தலையணை மேலயும் சாக்லேட் வெச்சேன். ஒரு அம்மா, எனக்கு டார்க் சாக்லேட் பிடிக்காது, மாத்திக் குடுன்னாங்க. மாத்திக் குடுத்தேன்.”

டூகல் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இனாஸ் எட்டிக் கரண்டியை எடுத்தான். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினான்.

டிசம்பரில் வின்னிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் காலை இனாஸ் அவளோடு துணைக்குப் போனான்.

பயணிகளின் தளங்களை முடித்துவிட்டு, இரும்புக் கதவு ஒன்றைத் தள்ளிக் கீழே இறங்கினார்கள். கம்பளமும் மரப்பலகையும் அங்கேயே முடிந்துவிட்டன. கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே நேராக ஓடுகிற ஊழியர் வழி அது. பிரிட்டிஷ் கப்பல்களில் அதை பர்மா ரோடு என்பார்கள். போரிலிருந்து திரும்பியவர்கள் யாரோ வைத்த பெயர். ஒரு காலத்தில் இதில் தள்ளுவண்டிகளும் துணி மூட்டைகளும் வசவுகளும் சிரிப்புமாக நகர இடமிருக்காது. இப்போது டூகலின் சிறிய ஜெனரேட்டர் எட்டியவரைக்கும், இங்கொன்றும் அங்கொன்றுமாக விளக்கு எரிந்தது. இரும்பின் வாடை. பழைய டீசல். அதற்கடியில் ஊறிப்போன துணியின் வாடை.

வெளியே பகல் பத்து மணி. அங்கே அது தெரியவில்லை.

அறை அறையாகக் குழாய்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றும் முதலில் கனைத்தது. பிறகு பழுப்பு நிறத்தில் கக்கியது. பிறகு பனிக்கட்டிபோலத் தண்ணீர் வந்தது. இனாஸின் விரல்கள் மரத்துப்போயின.

முன்முனைக்கு வந்தார்கள். அதற்கு மேல் வழியில்லை. கடைசிக் கதவில் எண் தகடு கழன்று, திருகாணியின் இரண்டு துளை மட்டும் இருந்தது. உள்ளே இரண்டு அடுக்குப் படுக்கை, ஒரு தகர அலமாரி, ஒரு கைகழுவும் தொட்டி. இனாஸ் குழாயைத் திறந்தான்.

அது கனைக்கவில்லை.

தெளிந்த தண்ணீர் கொட்டியது. கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். விரல் சிவந்துபோயிருந்தது. தொட்டிக்கு மேலே கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சவரச் சோப்பின் மணம் வந்தது.

“சுடுது,” என்றான். “பாய்லர்தான் அணைஞ்சு கிடக்கே. எப்படி?”

வின்னி அவனை நகர்த்திவிட்டுக் குழாயை மூடினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“பச்சைத் தண்ணியில அவன் சவரம் பண்ண மாட்டான் கண்ணு. சின்னதுலேருந்தே அப்படித்தான்.”

மத்தியானம் டூகலிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“உன் விரல் மரத்துப்போயிருக்கும். மரத்த விரலுக்கு எல்லாம் சுடும்.” பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “அந்த அறை ஒரு மாதிரிதான். குடியேறுறவங்க போன காலத்துல அது பெரிய கூடம். ராத்திரியெல்லாம் ஊரை நெனச்சு அழுதுட்டுப் பேசிட்டே போவாங்களாம். பின்னாடிதான் தடுத்து ஊழியர் அறையாக்கினாங்க. கம்பெனிக்கு அந்த அறைமேல ரொம்பப் பிரியம், தெரியுமா? அதுல படுத்தவன் எவனும் லீவு கேட்டதே இல்ல. ஊருக்குப் போகணும்னு ஒருத்தனும் சொன்னதில்ல. வருஷக்கணக்கா அப்படியே வேலை பாப்பான்.”

“ஜோரி?”

“அங்கதான் இருந்தான்.”

அதற்குப் பிறகு வின்னி சாப்பாட்டுக்கு வருவது குறைந்தது. மேல்தளத்துக் குழாய்களை அவசரமாக முடித்துவிட்டுக் கீழே போய்விடுவாள். ஒரு நாள் பிற்பகல் இனாஸ் தேநீரும் ஒரு குங்குமப்பூ பன்னும் எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனான்.

பர்மா ரோட்டில் தூரத்திலிருந்தே அவள் குரல் கேட்டது. கடைசிக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு எதிரே, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே அவள் கதவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“...பாதிரியார் தொப்பியை எடுத்துத் தலையில மாட்டிட்டாரு. கஸ்டர்டு காது வழியா வழியுது. நீ மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுட்ட.”

அவள் நிறுத்தினாள்.

கதவுக்குப் பின்னால் படுக்கையின் கம்பி முனகியது. யாரோ புரண்டு, இந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதுபோல.

“அப்புறம்?”

இளம் ஆணின் குரல். தூக்கம் கலையாத, செல்லம் கொஞ்சுகிற குரல்.

இனாஸின் செருப்பு இரும்புத் தரையில் உரசியது. வின்னி திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். அவள் கண்கள் மின்னின. அவன் தட்டைத் தரையில் வைத்தான். பின்பக்கமாகவே நடந்து, விளக்கு இருந்த இடம் வந்ததும் ஓடினான்.

மறுநாள் காலை உணவுக்கு அவள் வந்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இனாஸ், “நேத்து அந்தத் தொப்பிக் கதையச் சொல்லிட்டிருந்தீங்க,” என்றான்.

“எந்தத் தொப்பி?”

“பாதிரியார் தொப்பி. கஸ்டர்டு.”

வின்னி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“நல்லாயிருக்கே. யாரு, உன் பொண்ணா பண்ணினா?”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். இல்லை.

அன்றிலிருந்து அவன் கவனிக்கத் தொடங்கினான். ஜோரி பனியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட கதை ஒரு நாள் போயிற்று. முதல் சம்பளத்தில் அவளுக்குப் பச்சைக் கோட்டு வாங்கி வந்த கதை இன்னொரு நாள். அந்தக் கோட்டையே அவள் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், நினைவில்லை என்றாள். தினமும் கீழே போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போனாள். வரும்போது அது இல்லாமல் வந்தாள். ஆனால் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டு எழுந்து வருகிறவளின் அமைதி.

இனாஸ் டூகலிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. வெல்டிங் சாமான்களை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கதவோட குறுக்க ஒரு இரும்புப் பட்டையை ஒட்டிட்டு வந்துடறேன். பொம்பள கத்துவா. கத்தட்டும். பைத்தியம் பிடிச்சுச் சாகறதுக்கு இது தேவலை.”

“நானும் வரேன் சீஃப்.”

“உன் சூப் அடிப்பிடிக்குது, போ.”

சூப்பை இறக்கி வைத்து, ரொட்டியை வெட்டி முடிப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். கையில் சாமான்கள் இல்லை. கழுத்துத் துண்டும் இல்லை. மேசையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்தார்.

“ஒட்டியாச்சா?”

“எதை?”

டூகல் தன் இடது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் இருந்த மோதிரத்தைச் சுழற்றினார். அது சதைக்குள் புதைந்துபோயிருந்தது. நெடுநாள் போட்டிருந்த மோதிரம்.

“இதை எப்ப மாட்டிக்கிட்டேன்? கழட்டவே வர மாட்டேங்குது.”

“சீஃப்... உங்க கல்யாண மோதிரம். மோராக்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாந்தமாக, கொஞ்சம் வருத்தத்தோடு.

“நான் கல்யாணமே பண்ணிக்கலைப்பா. கப்பல்லயே காலம் போயிடுச்சு. ஏதோ ஒரு பையன் கேட்டான் இப்ப, கல்யாணம் ஆச்சான்னு. அவனுக்குக்கூட ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு...” சொல் தேடுகிறவர்போல நிறுத்தினார். பிறகு விட்டுவிட்டார். “சூப் நல்லாயிருக்கு.”

இனாஸ் அன்று பாத்திரங்களைக் கழுவவில்லை. சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜனவரி நடுவில் கேப்டன் ஹோல்ரைடு படகில் வந்தார். கரையில் இருந்தபடியே கப்பலுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். கப்பல் விற்றாகிவிட்டது. இந்தியக் கரைக்கு இழுத்துப்போய் உடைக்கப்போகிறார்கள். இழுவைக் கப்பல் ஹாலந்திலிருந்து வந்துவிட்டது. ஆள் இல்லாமல் வெற்றுக் கப்பலாகத்தான் இழுத்துப் போவார்கள். நாளை காலை எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

இனாஸ் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னான். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னான். கேப்டன் நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார்.

“பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இனாஸ். அந்தப் பொம்பளைக்கு இந்த வேலையைக் குடுத்ததே தப்பு. ரெட்ருத்ல அவங்க தங்கச்சி இருக்காங்க. சொல்லி அனுப்பிட்டேன். நீ பத்திரமாக் கரைக்குக் கூட்டிட்டு வந்துடு, போதும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகு வந்து நின்றது. டூகல் பையோடு இறங்கினார். எண்ணெய் தடவி ஒருவழியாக மோதிரத்தைக் கழற்றியிருந்தார். சாப்பாட்டு மேசையில் அது கிடந்ததைப் பார்த்து இனாஸ் எடுத்துக்கொண்டு ஏணிவரை ஓடினான்.

“யாரோடதுன்னு விசாரிச்சுக் குடுத்துருப்பா,” என்று சொல்லிவிட்டு அவர் படகில் ஏறினார்.

வின்னியைக் காணவில்லை.

இனாஸ் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கீழே போனான். ஜெனரேட்டர் நிறுத்தப்பட்டிருந்தது. பர்மா ரோட்டில் ஒரு விளக்கும் இல்லை. அவனுடைய காலடி அவனுக்கு முன்னால் ஓடி, முன்முனையில் மோதித் திரும்பி வந்தது. எல்லா அறைகளின் கதவுகளும் திறந்து கிடந்தன. யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை. அவன் இரண்டு பக்கமும் பார்க்காமல் நடந்தான்.

சவரச் சோப்பின் மணம்.

வெந்நீரின் வெதுவெதுப்பு முகத்தில் பட்டது.

அவள் வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டு, பயணத்துக்குத் தயாராக. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன.

“வின்னி, படகு வந்தாச்சு. எந்திரிங்க.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு கண்ணு.”

“அது ஜோரி இல்ல வின்னி.” அவன் அவள் காதருகில் குனிந்து, மூச்சுக்காற்றாகப் பேசினான். “நீங்க சொன்னதை எல்லாம் அது எடுத்துக்குது. சீஃப்கிட்டேருந்து எடுத்ததைப் பாத்தீங்கல்ல.”

“எனக்குத் தெரியாதா?”

அவள் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவனை உலுக்கியது.

“போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, இதே வழியில, இந்தக் கதவுக்கிட்ட என் எதிர்ல வந்தான். நான் அவன் கன்னத்தைத் தட்டினேன். அவன் ஒதுங்கி நின்னு, ‘ஏதாவது வேணுமா மேடம்?’னு கேட்டான். விளையாடறான்னு நெனச்சேன். சிரிச்சுட்டுப் போயிட்டேன்.” அவள் கதவைப் பார்த்தாள். “அவன்கிட்ட இருந்ததை எல்லாம் அது முன்னாடியே எடுத்துக்கிச்சு. ஒண்ணும் இல்லாத உடம்புதான் கடல்ல விழுந்துச்சு. அப்போ என் பையன் எங்க இருக்கான்? இங்கதானே இருக்கான். என்கிட்ட இருக்கற மிச்சத்தையும் குடுத்துட்டா, முழுசா இருப்பான்.”

“நாளைக்கு இந்தக் கப்பலே இங்க இருக்காது வின்னி. கொண்டுபோய் உடைச்சுடுவாங்க.”

“அதனாலதான் இன்னிக்கே முடிச்சுடணும்.”

உள்ளே படுக்கைக் கம்பி முனகியது. இரண்டு பாதங்கள் தரையில் இறங்கின. ஈரக் கால்கள். அவை மெதுவாகக் கதவுவரை வந்து நின்றன.

கதவுக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக, யாரோ மூச்சு விட்டார்கள்.

“அம்மா.”

வின்னியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“என்னம்மா பேரு எனக்கு?”

இனாஸ் அவள் வாயைப் பொத்தினான். மறுகையால் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனாலும் அசைக்க முடியவில்லை. அவன் உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் அசைந்தன.

அப்போது குரல் அவன் பக்கம் திரும்பியது.

“இனாஸ்.”

அவன் மூச்சை நிறுத்தினான்.

“உனக்கு ஒரு பொண்ணு இருக்காளாமே. அம்மா சொன்னாங்க. எப்படி இருப்பா?”

எவ்வளவு அன்பாகக் கேட்டது. இத்தனை வருஷமாக எந்தக் கப்பலிலும் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. மகளின் முகம் தொண்டைவரை வந்து நின்றது. முன்னால் விழுந்த பல், எண்ணெய் வைத்த பின்னல், தூங்கும்போது இறுகும் கை. வாய் தானாகத் திறந்தது. அவன் நாக்கைக் கடித்தான். ரத்தம் உப்புக்கரித்தது. இன்னும் அழுத்திக் கடித்தான்.

அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. அவன் கை நழுவிவிட்டது.

“ஜோரி,” என்றாள் வின்னி. “ஜோரி.”

கதவுக்குப் பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு. வயிறு நிறைந்த குழந்தை விடுகிற மூச்சு.

பிறகு குழாயை யாரோ மூடினார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் இனாஸுக்குத் தெரிந்தது.

வின்னி சட்டென்று எழுந்தாள். இடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“இருட்டா இருக்கே,” என்றாள். “வழி தெரியுமா உங்களுக்கு?”

அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். வழி முழுவதும் பின்னால் காலடி கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனான். கேட்கவில்லை. பின்தொடர வேண்டிய அவசியம் எதற்கும் இருக்கவில்லை.

மத்தியானம் ஃபால்மத்தின் படகுத்துறையில் நின்று கப்பல் போவதைப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். அந்தக் கப்பலில் தேனிலவுக்குப் போன ஒரு கிழத் தம்பதி கைக்குட்டையை ஆட்டினார்கள். சிவப்பு நிற இழுவைக் கப்பலுக்குப் பின்னால், கம்பி வடத்தில் கட்டுண்டு, ‘ஆல்பியன் கிரேஸ்’ புகையில்லாமல், சத்தமில்லாமல், ஒரு ஜன்னலிலும் வெளிச்சமில்லாமல் திறந்த கடலை நோக்கி நகர்ந்தது.

வின்னியின் தங்கை வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வின்னி மரியாதையாகச் சிரித்தாள்.

கேப்டன் ஹோல்ரைடு கைரேடியோவை வாயருகே கொண்டுபோனார். இழுவைக் கப்பலின் கேப்டன் விலெம் என்ற டச்சுக்காரர்; கலகலப்பான மனிதர்.

“எல்லாம் சரியா இருக்கா விலெம்?”

“அருமையா வருது. காத்து இல்ல, அலை இல்ல.” ரேடியோ கரகரத்தது. “ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆளே இல்லாம வருதுன்னு நெனச்சேன்.”

“ஆள் இல்லாமத்தான் வருது.”

“அந்தப் பையன்? காலையில வடம் மாட்டினதுலேருந்து ரேடியோவுல பேசிட்டே வரானே.”

கேப்டன் இனாஸைப் பார்த்தார். இனாஸின் நாக்கு வீங்கியிருந்தது. பேச வரவில்லை.

“விலெம், அந்தக் கப்பல்ல ரேடியோவே கிடையாது. கழட்டி வித்தாச்சு.”

“எனக்கு நல்லாக் கேக்குதே. ஜோரின்னு பேரு சொன்னான். தங்கமான பையன். பொறுமையா உக்காந்து கேக்கறான்யா, இந்தக் காலத்துல எவன் கேக்கறான்?”

வின்னியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் தங்கைதான் வாயைப் பொத்திக்கொண்டாள். குளிருகிறதா என்று வின்னி அவளை அன்பாக விசாரித்தாள்.

“அவனோட பேசாத,” என்று இனாஸ் ரேடியோவைப் பிடுங்கிக் கத்தினான். வார்த்தை ரத்தமும் எச்சிலுமாகக் குழறியது. “பேசாத. அணைச்சுடு.”

“யாரது? ஒண்ணும் புரியலையே.” விலெம் சிரித்தார். “ஒரு நிமிஷம் இருங்க, அவன் ஏதோ கேட்டான், பதில் சொல்லிட்டு வந்துடறேன். ஊர்ல இருக்கற என் பொண்ணுங்களைப் பத்தித்தான். ரெண்டு பேரு. பெரியவ பேரு...”

ரேடியோ கரகரத்தது.

கப்பலின் வெள்ளை உடம்பு நிலமுனையைத் தாண்டி மறையத் தொடங்கியது.

“பெரியவ பேரு...” என்றார் விலெம் மறுபடியும், மிகவும் மெதுவாக.